கொங்கு மண்ணுக்கடியில இருக்கற சூட்டுல கரண்ட் எடுக்க முடியுங்களா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தாருங்க. பூமிக்கடியில சூடு கொட்டிக் கெடக்குது, ஐஸ்லாந்துல அத வச்சுத்தான் எல்லாம் நடக்குது, நம்ம கொங்கு பக்கம் ஆயிரம் அடி ஆயிரத்து ஐநூறு அடின்னு போர் போட்டு தண்ணி வராம சும்மா கெடக்குது, அந்த காஞ்ச போர்ல இருந்தே கரண்ட் எடுத்துட்டா காத்தாடியும் வேண்டாம் சோலாரும் வேண்டாம்னு. அவரு நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காரு, அதுல எனக்கு சந்தேகமே இல்லீங்க. ஆனா அத படிச்சுட்டு எங்க ஊர்லயே நாலஞ்சு பேரு வந்து அண்ணா நம்ம தோட்டத்து போர்ல பண்ணலாமுங்களான்னு கேக்கறாங்க, வாட்ஸப்புல வேற வீடியோ சுத்துது, அதனால பதில் எழுதியே ஆகோணும்னு எழுதறேன். நான் திருச்செங்கோட்டுக்காரன், போர் போடற ரிக் வண்டி தொழில்ல இருக்கற குடும்பம், பாறைய பத்தியும் ஓட்டைய பத்தியும் கொஞ்சம் தெரியும், அந்த தைரியத்துலதான் பேசறேனுங்க.

மொதல்ல அவரு சொன்னதுல சரியானத சொல்லிடறேன். பூமிக்கடியில சூடு இருக்கறது நெசம். அத வச்சு கரண்ட் எடுக்கறதும் புதுசு இல்லீங்க, இத்தாலியில லார்டெரெல்லோன்னு ஒரு எடத்துல 1904-லயே தானா பீச்சியடிக்கற ஆவிய வச்சு சின்ன டைனமோ ஓட்டி அஞ்சு பல்ப எரிய வச்சாங்க, 1913-ல 250 கிலோவாட்டுல ஸ்டேஷனே கட்டிட்டாங்க, இன்னைக்கும் அந்த எடத்துல கரண்ட் எடுத்துட்டுத்தான் இருக்கறாங்க. கென்யாவுல ஓல்காரியான்னு ஒரு பள்ளத்தாக்கு, அந்த நாட்டு கரண்ட்ல பாதிய ஒட்டி இந்த பூமி சூட்டுலதான் வருது. இதோட பெரிய பலம் என்னன்னா ராத்திரி பகல் மழை வெயில்னு எதுவும் இல்லாம ஓடிக்கிட்டே இருக்கும். சோலார் பொழுது சாஞ்சா நிக்குது, நம்ம பல்லடம் உடுமலை பக்கத்து காத்தாடி ஆடி மாசம் பறக்குது, தை மாசம் நிக்குது. அப்ப இருவத்தி நாலு மணி நேரமும் வர்ற கரண்ட்டுன்னா யாருக்குத்தான் ஆசை வராது, விசைத்தறி வச்சிருக்கறவங்களுக்கும் ஸ்பின்னிங் மில்லுக்காரங்களுக்கும் அது எவ்வளவு பெரிய விசயம்னு எனக்கு தெரியுமுங்க.

ஆனா ஒரு கணக்கு பாருங்க. லார்டெரெல்லோவுல ஆரம்பிச்சு நூத்தி இருவது வருசம் ஆச்சு, இன்னைக்கு உலகம் முழுக்க சேத்து பூமி சூட்டு கரண்ட் சுமார் 16,000 மெகாவாட்தான். நம்ம தமிழ்நாட்டுல காத்தாடி மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல நிக்குது. நல்ல சரக்குன்னா ஏன் இத்தன வருசமா பரவல? எங்க பூமியோட தோல் மெலிசா இருக்குதோ, எங்க அந்த தோலோட ரெண்டு பெரிய துண்டு, தட்டுன்னு சொல்றது, ஒன்னோட ஒன்னு மோதுதோ இல்ல பிரியுதோ, எரிமலை இருக்குதோ, அங்கதான் சூடு மேல வந்து நிக்குது. ஐஸ்லாந்து அந்த மாதிரி பிரியற கோட்டு மேலயே உக்காந்திருக்கற தீவு. அங்க பத்து வீட்டுல ஒம்பது வீடு பூமி சூட்டுல சூடாகறது உண்மை, ஆனா அவங்க கரண்ட்ல முக்கால்வாசிய ஒட்டி அணைத்தண்ணியில வர்றதுங்க, பூமி சூட்டுல வர்றது மீதிதான். இத அந்த கடிதத்துல சொல்லல.

நம்ம பாறைக்கு வருவோம். கொங்கு மண்ணுக்கடியில இருக்கறது கிட்டத்தட்ட 250 கோடி வருசத்து பாறை, ஆறிப்போன பாறைங்க. எரிமலையும் இல்ல, வெந்நீர் ஊத்தும் எனக்கு தெரிஞ்சு ஒன்னு கூட இல்ல. இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க சுமார் 340 வெந்நீர் ஊத்துன்னு கணக்கெடுத்து வச்சிருக்காங்க, அதுல பேர் போனதெல்லாம் இமயமலை பக்கம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், கொங்கண கரை, கோதாவரி பள்ளத்தாக்குன்னு கெடக்குது.

சரி ஊத்து இல்லாட்டி என்ன, ஆழமா போனா சூடு வராதான்னு கேப்பாங்க. வருமுங்க. எவ்வளவு ஆழத்துல எவ்வளவு சூடுங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே அத்தாட்சி இருக்குது, கோலார் தங்கவயல். நம்ம தமிழ் சனம் தலைமுறை தலைமுறையா போயி வேலை செஞ்ச சுரங்கம், அதுல சாம்பியன் ரீஃப்ங்கற குழியில 3 கிலோமீட்டருக்கும் மேல எறங்கியிருக்காங்க, 2001-ல மூடுனாங்க. அவ்வளவு ஆழத்துல பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல, ஆளு நிக்க முடியாதுன்னு மேல இருந்து காத்த குளுர வச்சு அனுப்பித்தான் வேலை நடந்துச்சு. மனுசனுக்கு அது நரகம், கரண்ட் எடுக்கற மெசினுக்கு அது பத்தாது. 3 கிலோமீட்டருக்கு நாப்பது டிகிரி போலத்தான் ஏறியிருக்குது, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு பத்து பதினஞ்சு டிகிரி. உலகத்துல பொதுவா சொல்ற கணக்கு கிலோமீட்டருக்கு 25ல இருந்து 30. நம்முளுதும் அதே தென்னிந்திய பழைய பாறைதானுங்க, தாராளமா 15ன்னே வச்சுக்கலாம். அப்ப 1500 அடி போர், அதாவது அரை கிலோமீட்டர் கூட முழுசா இல்ல, அதோட அடியில மேல இருக்கறத விட ஏழு டிகிரிதான் கூட இருக்கும். 28 டிகிரி மண்ணு, அடியில 35. பாத்ரூம்ல ஹீட்டர் போட்டா வர்ற சூடு கூட இல்லீங்க அது.

எங்க போர்ல மார்கழி மாசம் விடிகாலையில சுடுதண்ணி வருதுன்னு சொல்றவங்க நெறைய பேரு. தண்ணி எப்பவும் அதே முப்பது சொச்சத்துலதான் இருக்குது, வெளிய காத்து பதினெட்டுக்கு எறங்கி கை வெறைச்சு போயி தொடறதால சுடற மாதிரி தெரியுது. சப்மெர்சிபிள் மோட்டாரும் தன் சூட்ட தண்ணியிலதான் விடும். சித்திரை மதியானத்துல அதே தண்ணிய தொட்டா ஜில்லுன்னு இருக்கும். அந்த வீடியோவுல காட்டற ஆவி பறக்கற தண்ணி நம்மூர் போர் தண்ணியா இருக்க வாய்ப்பே இல்லீங்க.

கரண்ட் எடுக்க எத்தன டிகிரி வேணும்? நேரா ஆவி வச்சு டர்பைன் ஓட்ட 150, 180ன்னு வேணும். கம்மி சூட்டுல ஓட்ட வேற ஒரு வழி இருக்குது, தண்ணிக்கு பதிலா சீக்கிரமா கொதிக்கற வேற திரவத்த சூடாக்கி அதோட ஆவியில டர்பைன் ஓட்டறது. அலாஸ்காவுல சீனா வெந்நீர் ஊத்துன்னு ஒரு எடம், சீனா நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அங்க 2006-ல 74 டிகிரி தண்ணியிலயே இந்த முறையில ஓட்டிட்டாங்க, மெசின் ஒன்னுக்கு சுமார் 200 கிலோவாட். இத காட்டித்தான் பாத்தீங்களா 74 டிகிரியே போதும்னு சொல்றாங்க. அங்க ஏன் ஓடுதுன்னா இந்தப்பக்கம் 74 டிகிரி சூட்டுத்தண்ணி, அந்தப்பக்கம் குளுர வைக்க 4 டிகிரி பச்சத்தண்ணி. சூட்டுல இருந்து வேலை வாங்கறது சூட்ட மட்டும் பொறுத்தது இல்லீங்க, சூட்டுக்கும் குளிருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த பொறுத்தது. அவ்வளவு வித்தியாசம் இருந்தும் அவங்களுக்கு நூத்துல எட்டு பங்கு போலத்தான் கரண்ட்டா மாறுது. ஈரோட்டுல ஏப்ரல்ல வெளிய 40 டிகிரி. நம்ம போருக்கடியில 35. சூடான பக்கம் எது குளுந்த பக்கம் எதுன்னே மாறிப் போச்சு, அங்க எந்த மெசின் ஓடும்? 3 கிலோமீட்டர் தோண்டி கோலார் அளவுக்கு 65 டிகிரி கெடச்சாலும், குளுர வைக்கற தண்ணி 30 டிகிரின்னா கணக்குப்படி அதிகபட்சமே நூத்துக்கு பத்து, நடைமுறையில அதுல பாதி வந்தா பெரிசு, அதையும் ஆழத்துல இருந்து தண்ணி ஏத்தற மோட்டாரே முழுங்கிடும்.

இன்னொரு கணக்கையும் சொல்றேன், எனக்கு எல்லாத்தையும் விட இதுதான் மனசுல நின்னுச்சு. நம்ம பக்கத்து பழைய பாறை வழியா அடியில இருந்து மேல கசியற சூடு சதுர மீட்டருக்கு சுமார் 40 மில்லிவாட், ஒரு வாட்ட ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் மில்லிவாட். ஒரு ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர், பெருக்கி பாருங்க, 160 வாட் சூடு. ரெண்டு சீலிங் ஃபேனுக்கு ஆகற அளவு, அதுவும் சூடாத்தான், கரண்ட்டா இல்ல. அதே ஏக்கர்ல சோலார் போட்டா உச்சி வெயிலுக்கு 200 கிலோவாட் வரும், ராத்திரி மழையெல்லாம் கழிச்சு வருசம் முழுக்க சராசரி பாத்தாலும் 40 கிலோவாட் பக்கம் நிக்கும். இவ்வளவு வெயில தலைக்கு மேல வச்சுக்கிட்டு காலுக்கடியில எதுக்குங்க தேடோணும்.

வெவரம் தெரிஞ்சவங்க இதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க, அதையும் ஒளிக்காம சொல்லிடறேன். கசியற சூடு கம்மிதான், ஆனா பாறைக்குள்ள ஏற்கனவே தேங்கி நிக்கற சூடு ரொம்ப பெரிசு. ஒரு கன கிலோமீட்டர் கருங்கல்ல ஒரே ஒரு டிகிரி குளுர வச்சா கெடைக்கற சூடு கிட்டத்தட்ட 60 கோடி யூனிட்டுக்கு சமம். அந்த சூட்ட வெளிய கொண்டு வர தண்ணிய ரொம்ப பிரஷர்ல உள்ள அடிச்சு பாறையில விரிசல் விட வச்சு, அந்த விரிசல் வழியா ஒரு கெணத்துல தண்ணி விட்டு இன்னொரு கெணத்துல சூடா எடுக்கற முறை வந்திருக்குது, அமெரிக்காவுல யூட்டாவுல கேப் ஸ்டேஷன்னு பெரிசா பண்றாங்க, எண்ணெய் கெணறு தோண்டற ஆளுங்களோட தொழில்நுட்பம்தான், பாக்க சந்தோசமா இருக்குது. ஆனா அங்க 3 கிலோமீட்டருக்குள்ளயே 200 டிகிரிய ஒட்டி சூடு. நமக்கு 150 டிகிரி வேணும்னாலே 8 கிலோமீட்டர், 26,000 அடி. ரஷ்யாக்காரங்க கோலாவுல 1970-ல ஆரம்பிச்சு இருவது வருசம் போராடி 12,262 மீட்டர் போனாங்க, அங்கயும் பழைய பாறைதான், அவ்வளவு ஆழத்துல 180 டிகிரி.

அப்பறம் தண்ணி. உள்ள அடிக்க தண்ணிக்கு எங்க போறது? நொய்யல்லயா, அமராவதியிலயா? குளம் குட்டைய நெரப்பவே அத்திக்கடவு அவிநாசி திட்டத்துக்கு எத்தன வருசம் காத்துக் கெடந்தோம். கலிபோர்னியாவுல தி கெய்சர்ஸ்னு உலகத்துலயே பெரிய பூமி சூட்டு மின்நிலையம், 1960-ல 11 மெகாவாட்டுல தொடங்குனது, ஆவிய உறிஞ்சிக்கிட்டே போயி எண்பதுகளோட கடைசியில ஆவி கொறைஞ்சு போச்சு, அப்பறம் பக்கத்து ஊர் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி பைப்புல கொண்டாந்து உள்ள விட்டுத்தான் தூக்கி நிறுத்துனாங்க. தீராத சூடுன்னு சொல்றாங்களே, சூடு இருந்தாலும் அத மேல கொண்டு வர்ற தண்ணியும் ஆவியும் ஒரு எடத்துல வேகமா எடுத்தா தீரும்.

நிலநடுக்கம் பத்தியும் சொல்லோணும். தென்கொரியாவுல போஹாங்ல இப்படித்தான் பாறைக்குள்ள தண்ணி அடிச்சாங்க, 2017 நவம்பர் 15-ந்தேதி 5.4 அளவுல ஊரே ஆடி நூறு பேருக்கு மேல காயம், அந்த நாட்டு அரசு வச்ச குழுவே இந்த திட்டத்தாலதான் வந்துச்சுன்னு 2019-ல சொல்லிடுச்சு. சுவிட்சர்லாந்துல பேசல்ல 2006-ல சின்னதா ஆடுனதுக்கே வேலைய நிறுத்திட்டாங்க. நம்ம பக்கம் ஆடாத பூமின்னு நெனைக்க வேண்டாமுங்க, 1900 பிப்ரவரி 8-ந்தேதி கோயமுத்தூர்ல சுமார் 6 அளவுல நிலநடுக்கம் வந்தது வரலாற்றுலயே இருக்குது. பாலக்காட்டு கணவாய்ல இருந்து காவிரி வரைக்கும் பாறைக்குள்ள பழைய முறிவுக்கோடு ஓடுது, அதுல போயி பிரஷர் குடுத்து பாக்கறது விளையாட்டு இல்ல.

எங்க தொழில் விசயத்துக்கு வர்றேன். நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராஜஸ்தான்ல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் போவுது, அதுல எனக்கு பெருமைதானுங்க. ஆனா நம்ம வண்டியில சூட்டுக்கெணறு தோண்டிடலாம்னு யாரும் நம்ப வேண்டாம். நம்முளுது காம்ப்ரசர் காத்துல ஹேமர் அடிச்சு பிட்டு பாறைய மாவாக்கி அதே காத்துல மேல தள்ளற முறை. கருங்கல்லுக்கு இத மாதிரி வேகம் எதுவும் இல்ல. ஆனா ஆழம் போகப்போக உள்ள தண்ணி நின்னுச்சுன்னா அந்த தண்ணியோட பாரத்த தள்ளவே காம்ப்ரசர் பிரஷர் போயிடும், ஹேமருக்கு அடி கொறைஞ்சுடும். ராடு ஏத்தி எறக்கற நேரமே வேலை நேரத்த விட கூட ஆகும். உள்ள மண்ணு சரிஞ்சா பிட்டு சிக்கிக்கும், ஹேமரோட போச்சு. அதனாலதான் ஆயிரம் அடி தாண்டுனா அடிக்கு ரேட் ஏறிக்கிட்டே போகுது, யாரும் பேராசையில ஏத்தல. சூட்டுக்கெணறு வேற ரகம், எண்ணெய் கெணத்துக்கு வர்ற பெரிய ரோட்டரி ரிக், சேறு மாதிரி திரவம் விட்டு தோண்டறது, அடி முழுக்க கேசிங்னு சொல்ற ஸ்டீல் கொழாய எறக்கி சுத்தியும் சிமெண்ட் அடைக்கறது, ஆவி பீச்சியடிச்சா தடுக்கற வால்வு, எல்லாம் வேணும். ஒரு கெணத்துக்கே பல கோடி. தோண்டி முடிச்ச பொறவுதான் சூடு பத்துமா தண்ணி ஓடுமான்னு தெரியும், பத்தலைன்னா போட்ட காசு போச்சு. பாயிண்ட் பாத்து போர் போட்டு தண்ணி வராம கடன்ல நின்ன குடும்பம் நம்ம பக்கம் தெருவுக்கு ஒன்னு இருக்குது, அந்த சனத்துகிட்டயே போயி காஞ்ச போர்ல கரண்ட் வரும்னு சொல்றது பாவமுங்க. நாளைக்கு யாராவது அட்வான்ஸ் குடுங்க மெசின் வச்சு தர்றோம்னு வந்தாலும் ஒரு ரூவா குடுக்க வேண்டாம்னு உங்க பேப்பர் மூலமா எல்லாத்தையும் கேட்டுக்கறேன். ஆறரை இஞ்ச் ஓட்டை, 35 டிகிரி, தண்ணியும் இல்ல. அதுல ஒரு பல்பு கூட எரியாது.

அதுக்காக இந்த தொழில்நுட்பமே வேண்டாம்னு சொல்லல. லடாக்ல புகா பள்ளத்தாக்குன்னு ஒரு எடம், 14,000 அடிக்கு மேல, அங்க சில நூறு அடி தோண்டுனாலே கொதிக்கற தண்ணியும் ஆவியும் வருது. குளிர்காலத்துல அங்க ராணுவமும் ஊர் சனமும் டீசல ஊத்தித்தான் காலம் தள்ளறாங்க. குளுர வைக்க ஐஸ் தண்ணியும் பக்கத்துலயே. 2021-ல ஓஎன்ஜிசி லடாக் நிர்வாகத்தோட ஒப்பந்தம் போட்டு மொதல்ல ஒரு மெகாவாட்டுல ஆரம்பிக்கறோம்னாங்க, 2022-ல தோண்டும்போது உள்ள இருந்து தண்ணி கட்டுப்படாம வெளிய வந்து வேலை தடைபட்டுச்சு. எழுபதுகள்ல இருந்து அந்த எடத்த ஆராய்ச்சி பண்றாங்க, இன்னும் இந்தியாவுல பேர் சொல்ற அளவுக்கு ஒரு பூமி சூட்டு மின்நிலையம் இல்லைங்கறது வருத்தமான விசயம்தான். காசு போடறதா இருந்தா அங்க போடட்டும், ஒழுங்கா போடட்டும், நம்ம வரிப்பணம் அங்க போனா எனக்கு முழு சம்மதமுங்க.

நம்ம பக்கத்துல பூமிய வேற விதமா பயன்படுத்தலாம். கரண்ட் எடுக்க இல்ல, கரண்ட் மிச்சம் பண்ண. முப்பது நாப்பது அடிக்கு கீழ மண்ணோட சூடு வருசம் பூரா 28 டிகிரிய ஒட்டியே நிக்கும். வெளிய 40 அடிக்கறப்ப ஏசி தன் சூட்ட அந்த 40 டிகிரி காத்துல தள்ள படாத பாடு படுது, அதே சூட்ட பைப்புல தண்ணி ஓட விட்டு 28 டிகிரி மண்ணுல தள்ளுனா கரண்ட் கணிசமா கொறையும். ஒரு டன் ஏசிக்கு சுமார் 150, 200 அடி ஓட்டை. இது நம்ம ரிக் வண்டி அரை நாள்ல முடிக்கற வேலை! இதுலயும் ஒரு சிக்கல் இருக்குது, நம்மூர்ல வருசம் பூரா சூட்ட உள்ள தள்ளிக்கிட்டே இருப்போம், குளிர்காலத்துல திருப்பி எடுக்கற வேலை கெடையாது, அதனால ஓட்டைய நெருக்கமா போட்டா சில வருசத்துல மண்ணே சூடேறிடும், எட்ட எட்ட போடோணும். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் மாதிரி ஏசியும் சுடுதண்ணியும் ரெண்டுமே வேணுங்கற எடத்துக்கு நல்லா பொருந்தும், ஏசி தள்ளற சூட்டுலயே குளிக்கற தண்ணிய சூடு பண்ணிட்டு மீதிய மண்ணுக்குள்ள விடலாம். கோயமுத்தூர்ல இருக்கற இஞ்சினியரிங் காலேஜ் பசங்க யாராவது ஒரு கட்டடத்துல பண்ணி ரெண்டு வருசம் கரண்ட் பில்ல வெளிப்படையா போடட்டும், எங்க தொழில்காரங்க ஓட்டை போட்டுத் தர முன்ன நிப்பாங்க.

ராத்திரி கரண்ட்டுக்கு என்ன பண்றதுன்னா, அதுக்கும் பதில் நம்ம மலையிலயே இருக்குதுங்க. ஆழியாறுக்கு மேல காடம்பாறையில 400 மெகாவாட், கரண்ட் மிச்சமா இருக்கறப்ப தண்ணிய மேல ஏத்தி வச்சுக்கிட்டு தேவைப்படறப்ப கீழ விட்டு கரண்ட் எடுக்கறது, எண்பதுகள்லயே கட்டுனது. குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி வேலை வருசக்கணக்கா இழுத்துக்கிட்டு கெடக்குது. ஆடிக்காத்துல வர்ற கரண்ட்ட எடுத்துக்க முடியாம காத்தாடிய நிறுத்தச் சொல்ற நெலம வருதுன்னா, அந்த மாதிரி தேக்கி வைக்கற வேலைய பத்தித்தான் நாம கடிதம் எழுதோணும், எம்எல்ஏகிட்ட கேக்கோணும்.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. 2025-ல மத்திய அரசு புவிவெப்பத்துக்குன்னு தேசிய கொள்கை வெளியிட்டிருக்காங்க. அது பேப்பர்லயே நிக்காம, நாமக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் மாவட்டத்துல ஆயிரம் அடிக்கு மேல போட்டு கைவிட்ட போர மூடி போடறதுக்கு முன்னால கயித்துல தெர்மாமீட்டர் கட்டி எறக்கி நூறு அடிக்கு ஒருக்கா சூடு எவ்வளவுன்னு எழுதி பொதுவுல போடுங்க. போர் போட்ட ஒடனே எறக்குனா சரியா காட்டாது, சித்த நாள் ஆற விட்டு எறக்கோணும். பெரிய செலவு இல்லீங்க. நிலத்தடி நீர் துறை ஆளுங்க தண்ணி மட்டம் பாக்க எப்படியும் ஊரூரா போறாங்க, அவங்களோட ரிக்காரங்களும் சேந்து பண்ணிடலாம். நான் சொல்ற 15 டிகிரி கணக்கு எங்கயாவது தப்பா இருந்து ஒரு எடத்துல மட்டும் சூடு கூட இருந்தா அதுவும் வெளிய வந்துடும், இல்லைன்னா இந்த பேச்சுக்கு ஊர் சனத்துகிட்ட காட்ட கையில எழுத்து இருக்கும். எங்க பக்கத்துல அளக்கறதுக்கு போர் காட்டறதுக்கும் வண்டி குடுக்கறதுக்கும் நாங்க தயாரா இருக்கறோமுங்க.

இப்படிக்கு,
ரிக் தொழில் செய்யும் வாசகர்,
திருச்செங்கோடு